வீட்டுப் பட்டறைக்கு பேண்ட்சா: புதுசா, பழசா, எதைப் பார்த்து வாங்குவது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் எங்கு பார்த்தாலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பலா, மா, தேக்கு, தென்னை. பெரும்பாலானவை விறகாகத்தான் போயின. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பலா மரத்தின் அடிப்பகுதியிலிருந்து இரண்டரை அடி நீளத்தில் நான்கு துண்டுகள் வாங்கி வந்தேன். வெடிக்காமல் இருக்க முனைகளில் பெயிண்ட் அடித்து, கொட்டகையில் அடுக்கி வைத்தேன். காய்ந்த பிறகு சா மில்லில் கேட்டால், அவ்வளவு சின்னத் துண்டை வண்டியில் கட்டி அறுக்க முடியாது என்றார்கள். அந்த நான்கு துண்டுகளுக்காகத்தான் நான் பேண்ட்சா தேட ஆரம்பித்தேன். பல் வெட்டிய எஃகுப் பட்டை வளையம் ஒன்று மேலும் கீழுமாக உள்ள இரண்டு வீல்களில் சுற்றி ஓடி மரம் அறுக்கிற மெஷின் அது.

முதலில் வாங்கியது தவறான மெஷின். மேசை மேல் வைக்கிற 8 அங்குல வகை. 80 மி.மீ. உயரம் வரை அறுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அறுக்கத்தான் செய்தது. ஆனால் பலகை மேல்விளிம்பில் 8 மி.மீ., கீழ்விளிம்பில் 13 மி.மீ. கனமாக வெளியே வந்தது. பிளேடு மரத்துக்குள் வயிறு தள்ளி வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த இன்னும் இறுக்கினால் மெஷினின் உடம்பே வளைந்தது.

பேண்ட்சா என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை இழுத்துப் பிடித்து, நேராக ஓடவைக்கிற சாதனம் அது. மெஷினில் இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் இந்த ஒரே கேள்வியோடு பாருங்கள்: இது பிளேடை இறுக்கமாகவும் நேராகவும் வைக்க உதவுகிறதா? உதவாத எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் வேலைகளை எழுதுங்கள். நாற்காலி முதுகு, பொம்மை, பிராக்கெட் என்று வளைவுகள் மட்டும்தான் அறுப்பீர்களா? லேத்தில் கிண்ணம் கடைய வட்டத் துண்டுகள் வேண்டுமா? கனமான சட்டத்தைப் பிளந்து மெல்லிய பலகைகள் எடுப்பீர்களா? பழைய வீட்டுத் தேக்கு உத்தரத்தை வாங்கிப் பலகை போடுவீர்களா?

கடைசி இரண்டும் உங்கள் தாளில் இருந்தால், மெஷின் தேர்வு முழுக்க மாறிவிடும். வளைவு அறுக்க ஏறக்குறைய எந்த பேண்ட்சாவும் போதும். மரத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துப் பிளப்பதுதான் மெஷினின் உண்மையான சோதனை.

பிளப்பதற்கு டேபிள்சா (மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும் மெஷின்) போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.மீ. கனமுள்ள தேக்குக் கட்டையிலிருந்து 6 மி.மீ. பலகைகள் வேண்டும். டேபிள்சா பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மி.மீ.க்குச் சற்று மேல் தின்னும். 11 பலகை கிடைக்கும். பேண்ட்சா பிளேடு 1.2 மி.மீ. அளவுக்குத்தான் தின்னும், 14 பலகை கிடைக்கும். இன்றைய தேக்கு விலையில் மூன்று பலகை சின்ன விஷயம் இல்லை. தவிர, 10 அங்குல டேபிள்சா 3 அங்குல உயரத்துக்கு மேல் எட்டவும் செய்யாது.

இப்போது தாளின் கீழே ஒரு எண் எழுதுங்கள்: ஆண்டு முழுக்க நீங்கள் அறுக்கப்போகும் மிக உயரமான மரம் எத்தனை அங்குலம்? என்றைக்காவது ஒரு நாள் ஆசைப்படப்போவதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறையாவது வரும் வேலையைக் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளுக்கு இந்த எண் 6 முதல் 8 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

அளவுகள் என்ன சொல்கின்றன

14 அங்குல பேண்ட்சா என்றால் அதன் வீலின் விட்டம் 14 அங்குலம். பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடையிலுள்ள தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, பதின்மூன்று, பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். எவ்வளவு அகலமான பலகை உள்ளே போகும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. மேசையிலிருந்து, பிளேடை விலகாமல் தாங்கும் மேல் கைடு வரை உள்ள தூரம் அறுக்கும் உயரம். இந்த இரண்டும் தனித்தனி எண்கள். விற்பவர் ஒன்றைச் சொல்லும்போது மற்றதையும் கேளுங்கள்.

8 முதல் 10 அங்குல மெஷின்கள் பொம்மை வேலைக்கும் மெல்லிய பலகையில் வளைவு எடுப்பதற்கும் சரி. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுப் பட்டறைக்குப் பொருத்தமானது 14 அங்குலம். அமெரிக்காவின் டெல்டா கம்பெனி கொண்டுவந்த வார்ப்பிரும்பு வடிவம்தான் இந்த அளவுக்கு முன்மாதிரி. தைவானிலும் சீனாவிலும் செய்யப்படும் எத்தனையோ 14 அங்குல மெஷின்கள் அதன் சாயலில் வந்தவை. 6 அங்குல உயரம் அறுக்கும். சிலவற்றில் தூணின் நடுவே ஒரு வார்ப்புக் கட்டையைச் செருகி 12 அங்குலமாக்கலாம். அந்தக் கட்டையை நம்பி மட்டும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. உயரம் இரட்டிப்பாகும், ஆனால் மோட்டாரும் பிளேடை இறுக்கும் ஸ்பிரிங்கும் பழையதாகவே இருக்கும். அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடில், 6 அங்குல மரத்தில் ஒரே நேரத்தில் 18 பற்கள் கடித்துக்கொண்டிருக்கும். 12 அங்குலத்தில் 36 பற்கள். ஒரு எச்.பி. மோட்டார் அங்கே திணறும்.

16, 18 அங்குல மெஷின்கள் பிளப்பதற்கென்றே இருப்பவை. இடமும் கரண்டும் ஒத்துழைத்தால் இவற்றுக்குப் போங்கள். அதற்கு மேல் உள்ளவை மரக்கடைக்கும் சா மில்லுக்கும் உரியவை.

ஒரு எச்சரிக்கை. இரும்பு அறுக்கும் பேண்ட்சா மலிவாகக் கிடைக்கும்போது கை நீளும். மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 அடி வேகத்தில் ஓட வேண்டும். இரும்பு மெஷின் சில நூறு அடிக்குள்தான் ஓடும். புல்லியை மாற்றிச் சமாளிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். அந்த வேகத்துக்கு ஏற்ப அதன் வீல் சமன் செய்யப்பட்டிருக்காது. பேரிங்கும் தாங்காது.

உடம்பு, வீல், கைடு

14 அங்குல மெஷினில் பிளேடின் நீளம் சுமார் 93.5 அங்குலம். 3000 அடி வேகத்தில் அது நிமிடத்துக்கு 385 சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீல்களில் வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 770 முறை வளைகிற ஒரு தகடு அது. வீல் சிறிதானால் வளைவு கூடுகிறது, தகடு சீக்கிரம் சோர்ந்து வெடிக்கிறது. பிளேடின் கனம் வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. 350 மி.மீ. வீலுக்கு 0.35 மி.மீ. நடைமுறையில் 0.5, 0.6 மி.மீ. போடுகிறோம், அதற்கான விலையாக பிளேடு ஆயுளில் கொஞ்சம் இழக்கிறோம். சின்ன மெஷினில் கனமான பிளேடு போட்டு, அடிக்கடி அறுந்துபோகிறது என்று பிளேடைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

உடம்பு வார்ப்பிரும்பாகவோ பெட்டிபோல் மடித்து வெல்டிங் செய்த கனத்த எஃகாகவோ இருக்கலாம், இரண்டுமே நல்லது. தூண் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். மெல்லிய தகட்டை மடித்து ஸ்க்ரூ போட்டு இணைத்த தூண் என்றால் அரை அங்குல பிளேடை அது இழுத்துப் பிடிக்காது.

வீல் வார்ப்பிரும்பில் இருந்தால் கனத்தால் வேகம் சீராக ஓடும். அலுமினிய வீலும் மோசமில்லை. வீல் மேல் ரப்பர் அல்லது யூரித்தேன் டயர் இருக்கும், நடு சற்று உயர்ந்திருக்கும். அந்த மேட்டின் மேல்தான் பிளேடு தானாக ஏறி நிற்கிறது. டயர் தேய்ந்து தட்டையானால் பிளேடு முன்னும் பின்னும் அலையும்.

கைடு விஷயத்தில் விற்பனையாளர்கள் பேரிங் கைடைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு மோகம் இல்லை. எண்ணெய் ஊறிய நல்ல வைர மரக்கட்டையை பிளேடின் இருபுறமும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு நிறுத்தினால் மெல்லிய பிளேடுக்கு அதுவே சிறப்பு. தேய்ந்தால் நாமே செய்துகொள்ளலாம். பின்னால் தாங்குகிற பேரிங் மட்டும் தரமாக இருக்க வேண்டும். கைடைவிட முக்கியம் அதைத் தாங்கும் தண்டு. ஏற்றி இறக்கும்போது அது பிளேடுக்கு இணையாகவே போக வேண்டும்.

கரண்ட்: இதில் அவசரம் வேண்டாம்

6 அங்குலம் வரை பிளக்க 1 எச்.பி. போதும், நிதானமாகத் தள்ள வேண்டும். 8, 10 அங்குலத்தில் வேங்கை மாதிரி கெட்டி மரம் பிளக்க 2 எச்.பி. வேண்டும். 12 அங்குலம் என்றால் 3 எச்.பி.

சிங்கிள் ஃபேஸில் 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். புறப்படும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. வீட்டிலிருந்து கொட்டகைக்கு மெல்லிய ஒயர் இழுத்திருந்தால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் முனகிக்கொண்டே நின்று, காயில் கருகிவிடும். தனியாக 4 சதுர மி.மீ. செப்பு ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த். இதற்கான செலவையும் மெஷின் விலையோடு சேர்த்தே எழுதுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் பழைய பட்டறை மெஷின்களில் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார்தான் இருக்கும். வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் சிக்கலே இல்லை, ஸ்டார்ட்டர் வைத்து நேரடியாக ஓட்டலாம். சிங்கிள் ஃபேஸ் மட்டும் என்றால் இரண்டு வழிகள். மோட்டாரையே மாற்றலாம். அல்லது வி.எஃப்.டி. பெட்டி ஒன்று வாங்கி 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை 230 வோல்ட் மூன்று ஃபேஸாக மாற்றலாம். 3 எச்.பி. வரையிலான நம் நாட்டு மோட்டார்கள் வழக்கமாக ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டவை. டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஆறு முனைகள் வெளியே எடுத்திருந்தால் ஸ்டார் இணைப்பை டெல்டா இணைப்பாக மாற்றி இந்தப் பெட்டியில் ஓட்டலாம். மூன்று முனை மட்டும் என்றால் காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டியிருக்கும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் வி.எஃப்.டி. பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கி நிற்கும்.

தோட்டத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பம்புசெட்டுக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து மெஷினுக்கு ஒயர் இழுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

புதுசா, பழசா

புதிய மெஷின் வாங்கினால் உத்தரவாதம், கையேடு, பாதுகாப்புக் கதவுகள் எல்லாம் கூடவே வரும். மெஷினைப் பழுது பார்ப்பதில் ஆர்வமில்லாதவர்கள், பார்த்துக்கொடுக்க ஆளில்லாதவர்கள் புதிதே வாங்குங்கள். நேரம்தான் உங்களிடம் குறைவான பொருள் என்றாலும் அதே பதில்தான். வாங்கும்போது டயர், கைடு, ஸ்விட்ச், ஸ்பிரிங் ஆகியவை உள்நாட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். பிளேடு நீளம் விசித்திரமாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், பிளேடை எந்த நீளத்துக்கும் வெட்டிப் பற்றவைத்துத் தருவார்கள்.

பழையது என்றால், பட்டாலா, ராஜ்கோட், அகமதாபாத் மாதிரி ஊர்களில் வார்த்த உள்நாட்டு மெஷின்கள் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிறைய உண்டு. இவற்றின் இரும்பு தாராளமாக இருக்கும், நேர்த்தி மட்டும் முன்னே பின்னே இருக்கும். பேண்ட்சாவைப் பொறுத்தவரை இரும்புதான் முதலில் தேவை. நேர்த்தியை நாம் லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அதனால்தான் இரண்டிலும் என் மனசு பழைய வார்ப்பு மெஷின் பக்கம் சாய்கிறது. புதிய 10 அங்குல மெஷினுக்கான பணத்தில் பழைய 16 அங்குலம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

பழைய மெஷினுக்குப் பேரம் பேச ஒரு அளவுகோல் இருக்கிறது: காயலான் கடையில் எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? மெஷினின் எடையை உத்தேசமாகப் போட்டு, அன்றைய வார்ப்பிரும்பு விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள், அதிலிருந்து மேலே பேசலாம். பழுதுக்கென்று மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டே போங்கள்.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும் நாள்

போவதற்கு முன் மோட்டார் தகட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எச்.பி., வோல்ட், ஃபேஸ் மூன்றும் அதில் இருக்கும். கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: டார்ச், மூன்றடி நேரான இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், மரச் சுத்தி, கொஞ்சம் மண்ணெண்ணெய், சாக்பீஸ், பழைய துணி, அறுத்துப் பார்க்க ஒரு கட்டை.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளேடைக் கழற்றச் சொல்லுங்கள். பிளேடு இருந்தால் வீலின் குறைகள் தெரியாது. மேல் வீலைக் கையால் சுழற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, 6204 மாதிரி எண்களில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். புதிய பேரிங் போட்டும் ஆட்டம் போகாத அளவுக்கு ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் லேத் செலவு வரும்.

பிறகு ஒரு பென்சிலை உடம்பில் அழுத்திப் பிடித்து, முனையை வீலின் விளிம்புக்கு மிக அருகில் வைத்து வீலை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வீல் கோணல். சற்று இருந்தால் கடைசலில் சரிசெய்யலாம்.

வெடிப்புச் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள். திருச்சியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். 18 அங்குல மெஷின், பச்சைப் பெயிண்ட், பார்க்கவே கம்பீரம். சத்தமில்லாமல் ஓடியது. வீலை மரச் சுத்தியால் தட்டினேன். கீழ் வீல் மணி மாதிரி ஒலித்தது. மேல் வீல் "தொப்" என்றது. ஆரக்கால்கள் நடுக்குடத்தோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்தேன். சாக்பீஸைப் பொடியாக அரைத்து அதன் மேல் பூசினேன். வெள்ளைப் பொடி அப்படியே காய்ந்து நின்றது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஆரக்காலின் வேரில் முடி போல ஒரு கறுத்த கோடு மெல்ல ஊறி வந்தது. வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது. இருபது வருஷமாக அந்த மெஷினில் நின்ற உரிமையாளர் குனிந்து, விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. "இதை நான் யாருக்கும் ஓட்டக் கொடுக்கமாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, உள்ளே தூசி மூடிக் கிடந்த 16 அங்குல மெஷினைக் காட்டினார். இன்று என் கொட்டகையில் நிற்பது அதுதான். வீலில் வெடிப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சுழலும் வார்ப்பிரும்பு உடைந்தால் தகடு கதவு தடுக்காது.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். டயரில் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மெல்ல எழும்பினால் உயிர் இருக்கிறது, பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். நேரான ஸ்கேலை இரண்டு வீல்களின் முகத்திலும் சேர்த்து வைத்து ஒரே தளத்தில் இருக்கின்றனவா பாருங்கள். டென்ஷன் திருகை முழுக்கச் சுற்றுங்கள். ஸ்பிரிங் நசுங்கிக் கிடந்தால் புதிது போடலாம், அதைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருந்தால் யோசியுங்கள். மேசையைச் சாய்த்துப் பாருங்கள். கீழே உள்ள பிறை வடிவ வார்ப்பு உடைந்திருப்பது சகஜம், அதே பாகம் கிடைப்பது அரிது. மேசை மேல் உள்ள துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உப்புத்தாளும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும். குழிவிழுந்த துரு வேறு.

கதவுகளும் பிளேடு மூடியும் இருக்கின்றனவா? நம் பட்டறைகளில் இடைஞ்சல் என்று கழற்றி எங்கேயோ போட்டுவிடுகிறார்கள். தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தகரம் வெட்டிச் செய்து மாட்டிய பிறகுதான் மெஷினை ஓட்ட வேண்டும்.

கடைசியாக பிளேடை மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். ஒரு நாணயத்தை மேசை மேல் படுக்க வைத்தால் நகராமல் இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடட்டும், பிறகு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடும் கருகல் வாசனையும் சரியில்லை. மோட்டார் கெட்டிருப்பதைக் காரணமாக வைத்து மெஷினையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். மோட்டாரை எந்த ஊரிலும் மாற்றலாம், வார்ப்பை மாற்ற முடியாது.

ஏற்றி வரும்போது மேசையையும் மோட்டாரையும் கழற்றித் தனியே வையுங்கள். தலை கனத்த மெஷின் இது, வளைவில் சாயும். வண்டியின் கேபின் பக்கமாக நிறுத்தி உடம்பில் கயிறு கட்டுங்கள். வீலிலோ டென்ஷன் திருகிலோ கயிறு போடக்கூடாது.

பிளேடு

பேண்ட்சா பழைய யோசனை. இங்கிலாந்தின் வில்லியம் நியூபெரி 1808-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்த மூட்டு, வளைந்து வளைந்து அறுந்துகொண்டே இருந்ததால் யோசனை அப்படியே கிடந்தது. 1846-இல் ஆன் போலின் க்ரெபான் என்ற பிரெஞ்சுப் பெண், முனைகளைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதை பாரிஸின் பெரான் கம்பெனி வாங்கி, நல்ல எஃகும் சேர்ந்த பிறகுதான் பேண்ட்சா பட்டறைகளுக்குள் நிலையாக வந்தது.

அதனால் பிளேடு வாங்கும்போது நானும் முதலில் மூட்டைத்தான் பார்ப்பேன். பல்லில்லாத முதுகுப்புறத்தை ஸ்கேலில் சாய்த்து வைத்தால் மூட்டில் மேடோ பள்ளமோ இருக்கக்கூடாது. நகத்தால் வருடினால் தட்டக்கூடாது. மூட்டு தட்டும் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் "டக், டக்" என்று அடித்துக்கொண்டே ஓடி, அங்கேயே ஒரு நாள் அறும்.

நீளம் தெரியாத பழைய மெஷினுக்குக் கணக்கு எளிது. வீல் விட்டத்தை 3.14-ஆல் பெருக்குங்கள். இரண்டு வீல் மையங்களுக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கிக் கூட்டுங்கள். 350 மி.மீ. வீல், 640 மி.மீ. மைய தூரம் என்றால் 2380 மி.மீ. அளக்கும்போது டென்ஷன் திருகை நடுவில் வையுங்கள். ஏற்றவும் இறக்கவும் இடம் வேண்டும்.

அகலத்தை வளைவு தீர்மானிக்கும். ஆசாரிமார் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொன்னால், 1 நூல் பிளேடு ஒன்றரை நூல் ஆரத்தில் திரும்பும். 2 நூல் பிளேடு 5 நூல் ஆரத்தில். 3 நூல் பிளேடு ஒன்றரை அங்குல ஆரத்தில். 4 நூல், அதாவது அரை அங்குல பிளேடு இரண்டரை அங்குல ஆரத்தில். 14 அங்குல மெஷினில் முக்கால் அங்குல பிளேடு போகும் என்று எழுதியிருந்தாலும் நான் அரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வேன். அந்த ஸ்பிரிங்கால் முக்கால் அங்குலத்தை முறையாக இழுக்க முடியாது. இழுபடாத அகல பிளேடைவிட நன்றாக இழுபட்ட குறுகிய பிளேடு நேராக அறுக்கும்.

பிளக்க அங்குலத்துக்கு 3 பல், பொது வேலைக்கு 4 அல்லது 6, மெல்லிய பிளைவுட்டில் வளைவுக்கு 10. பல் கூடினால் வழுவழுப்பாக அறுக்கும் என்று நினைத்து உயரமான மரத்துக்கு நெருக்கமான பல் போடாதீர்கள். பல்லிடைக் குழியில் தூள் நிறைந்து, வெளியேற வழியில்லாமல், பிளேடு சூடாகிக் கோணும். என் முதல் மெஷினில் பாதிக் குற்றம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. அதோடு வந்த பிளேடில் அங்குலத்துக்கு 14 பல்.

பழைய வீட்டுத் தேக்கு வாங்குகிறவர்கள் ஒரு சின்ன மெட்டல் டிடெக்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரத்துக்குள் தலையில்லாத ஆணி ஒன்று இருந்தால், புதிய பிளேடு ஒரே நொடியில் பழைய பிளேடு ஆகிவிடும்.

முதல் நாள்

மெஷினை நிறுத்தியதும், கரண்ட் இணைக்கும் முன் பிளேடை இறுக்கி, மேல் வீலைக் கையால் சுற்றிக்கொண்டே சாய்வுத் திருகைச் சரிசெய்து, பிளேடை டயரின் நடுவில் நிறுத்துங்கள். கைடுகளைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால், பிளேடு இல்லாமல் ஒரு நொடி ஓட்டித் திசையைப் பாருங்கள். மேசை அருகே பிளேடு கீழ்நோக்கி இறங்கும்படி வீல் சுற்ற வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயர்களை மாற்றினால் போதும். பார்க்காமல் பிளேடோடு ஓட்டினால் அது மரத்தைத் தூக்கி எறியும்.

பிறகு பின் பேரிங்கைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, பக்க கைடுகளைப் பல்லுக்குப் பின்னால் வரும்படி வையுங்கள். மேல் கைடு மரத்துக்குக் கால் அங்குலம் மேலே நின்றால் போதும். கை பிளேடுக்கு நேரே போகாதபடி ஒரு தள்ளுகட்டை செய்து மெஷினிலேயே தொங்கவிடுங்கள். உருண்டைக் கட்டையை வெறும் கையில் பிடித்து அறுக்கவே கூடாது, அது சுழன்று விரலை இழுக்கும். வி வடிவத் தொட்டிலில் வைத்துத்தான் தள்ள வேண்டும். கையுறை வேண்டாம், முகக்கவசம் கட்டாயம் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இனி சோதனை. ஒரு பக்கம் இழைத்து நேராக்கிய, 5 அங்குல உயரக் கட்டை ஒன்றில் நடுவே பென்சில் கோடு போட்டு, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் நிறுத்தும் நேர்ச்சட்டம்) இல்லாமல் வெறும் கையால் கோட்டைப் பின்பற்றி அரை அடி அறுத்து நிறுத்துங்கள். கட்டை மேசை மேல் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த பிளேடு விரும்பும் திசை. ஃபென்ஸை அந்தக் கோணத்துக்கே திருப்புங்கள். இப்போது 6 மி.மீ. கனத்தில் ஒரு பலகை எடுத்து நான்கு மூலைகளையும் காலிப்பரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை மி.மீ.க்குள் இருந்தால் மெஷின் தயார். கூடுதலாக இருந்தால் வீலில் கை வைக்காதீர்கள். முதலில் பிளேடு மழுங்கியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் டென்ஷன், அப்புறம் கைடு, அதற்கும் பிறகு ஃபென்ஸ். என் பலாத் துண்டுகளில் முதல் பலகை 2 மி.மீ. பிசகியது. புதிய 3 பல் பிளேடை மாட்டி, டென்ஷனைக் கால் சுற்று ஏற்றிய பிறகு வந்த இரண்டாவது பலகை நான்கு மூலையிலும் 6.1, 6.2 காட்டியது.